தாடியைப் பிடித்திருந்த கை

பிற்பகல் மூன்று நாற்பது. அவசரப் பிரிவில் திரையை விலக்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கை. அது ஒரு தாடியைக் கொத்தாகப் பிடித்திருந்தது.

கைக்கும் தாடிக்கும் சொந்தக்காரர் முத்தையா அண்ணன். எங்கள் அடுக்குமாடியில் பக்கத்து வீடு. சிகரெட்டை அவர் எப்போதோ விட்டுவிட்டார். நுரையீரல்தான் அதை மறக்கவில்லை. அன்று மதியம் வாங்கத் தொடங்கிய மூச்சு அடங்கவே இல்லை. பதறிப்போன மனைவி சரசு அக்கா மருந்துப் பையை வீட்டிலேயே விட்டு ஆம்புலன்ஸில் ஏறிவிட்டார். அதைக் கொடுக்கத்தான் நான் போனேன்.

அண்ணனின் முகத்தில் மாஸ்க். அதில் ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் காற்றை அழுத்தித் தள்ளும் மெஷின். காற்று நெஞ்சுக்குள் போக வேண்டும். அதுவோ கன்னத்தோரமாக ‘உஸ்’ஸென்று வெளியேறிக்கொண்டிருந்தது. மெஷின் விடாமல் கத்தியது.

காரணம்? நெஞ்சு வரை இறங்கிய தாடி.

சுகந்தி என்ற தாதி பட்டையை இறுக்கிப் பார்த்தார். தாடியில் ஜெல் தடவி, அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தாளின் ஓரம் தூக்கிக்கொண்டது... உஸ்.

“ஆன்ட்டி, ஷேவ் பண்ணணும். முழுசா வேணாம். மாஸ்க் ஓரம் உட்கார்ற இடம் மட்டும்.”

“ஐயோ மிஸி, அது வேண்டுதல் தாடி லா!” என்று சரசு அக்கா தாதியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மகள் கவிதாவுக்கு இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. மூன்றாவது தங்கியதும், பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும் வரை தாடியில் கத்தி படாது, பிறந்ததும் தண்ணீர்மலை முருகன் கோயிலில் வந்து இறக்குகிறேன் என்று அண்ணன் வேண்டிக்கொண்டார். நம் ஆட்கள் சாமியோடு போடும் ஒப்பந்தங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நிபந்தனையெல்லாம் கறாராக இருக்கும். அவசரப் பிரிவுக்கு வர நேர்ந்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் பேசி வைப்பதில்லை.

“மாஸ்க் சரிவரலைன்னா டாக்டர் தொண்டையில குழாய் போட்டுருவாங்க ஆன்ட்டி. அங்கிள் நுரையீரல் இருக்கிற நிலைமையில, போட்ட குழாய எப்ப எடுக்க முடியும்னு யாரும் சொல்ல மாட்டாங்க.”

“எனக்கு இவரும் வேணும், அந்தப் புள்ளயும் வேணும். எதைன்னு சொல்லுவேன், மிஸி?”

சரசு அக்கா சம்மதித்தாலும் அந்தக் கை இருக்கிறதே! ரேசரைப் பார்த்ததிலிருந்து அது தாடியை விடவில்லை. பிடித்துக் கட்டலாமா என்று இன்னொரு தாதி கேட்டார். சுகந்தி வேண்டாம் என்றார். பயந்தால் மூச்சு இன்னும் திணறும்.

நான் மெல்லச் சொன்னேன். “பிடி கொஞ்சம் தளர்ற மாதிரி இருக்கே, சிஸ்டர். தளர்ந்ததும் எடுத்துடலாமே?”

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “தளர்ந்தா மயக்கத்துக்குப் போறாருன்னு அர்த்தம், அண்ணே. அதுக்குத்தான் பயந்துகிட்டு இருக்கேன்.”

வெளியேற வேண்டிய கெட்ட காற்று உள்ளேயே தேங்கினால் மனிதன் துடிப்பதில்லையாம். தூங்கிப் போகிறான். அதற்குப் பிறகு நான் அந்த விரல்களைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

அக்காவின் கைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

“யாரு ஆன்ட்டி, விடாம அடிக்கிறது?”

“மகதான். நிபோங் திபால்ல இருக்கா. மாசமா இருக்கிறவ பயந்துடுவாளேன்னு எடுக்கல.”

“எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.”

சுகந்தியே விஷயத்தைச் சொன்னார். இரண்டே வாக்கியம். மறுமுனையில் மகளின் குரல் வெடித்தது.

“அப்பா! கேக்குதா? எனக்காகத்தானே வேண்டிக்கிட்டீங்க? நான் சொல்றேன், கைய எடுங்க! புள்ள பொறந்து யாரத் தாத்தான்னு கூப்பிடும்? உங்க தாடியவா? எடுங்கப்பா!”

கை தாடியிலிருந்து நழுவிப் படுக்கையில் விழுந்தது.

சுகந்தி சட்டென்று அவர் முகத்தருகே குனிந்தார். மகள் சொல்லி எடுத்தாரா... மயங்கிவிட்டாரா?

“அங்கிள்! கண்ணத் திறங்க! என் விரலப் பிடிங்க!”

கண் பாதி திறந்தது. விரல்கள் தேடின. பிடித்தன.

சுகந்தி மாஸ்க்கைக் கழற்றினார். இன்னொரு தாதி ஆக்சிஜன் குழாயை அண்ணனின் மூக்கருகில் பிடித்துக்கொண்டார். கன்னத்தில் இரு பக்கமும், உதட்டுக்குக் கீழேயும் ரேசர் ஓடியது. ஒற்றையடிப் பாதை போல ஒரு கோடு, அவ்வளவுதான். மாஸ்க் திரும்ப உட்கார்ந்தது. ‘உஸ்’ இல்லை. மெஷின் கத்துவதை நிறுத்தியது.

எவரும் சிரிக்கவில்லை. சுகந்தி கையை மாஸ்க்கிலேயே வைத்துக்கொண்டு, அண்ணனின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி நின்றார். பிறகு ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், குழாய் இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

அப்போதுதான் சரசு அக்கா வாயைத் திறந்தார். “பாதித் தாடி வேண்டுதலுக்குச் செல்லுமா, மிஸி?”

“அது எனக்குத் தெரியாது ஆன்ட்டி. காத்து உள்ள போகுது. அது தெரியும்.”

முத்தையா அண்ணன் இப்போது வார்டில் இருக்கிறார். கஞ்சி குடிக்கிறார், பேசுகிறார். மகளுக்குப் பிரசவத்துக்கு அடுத்த வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.