சிங்கத்துக்கு அப்புறம் ஒரு வீடு

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நாங்கள் இருந்தபோது நடந்தது இது. அப்போது எனக்கு எட்டு வயது. விடாத மழை. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது என்று, காலையிலேயே எல்லோரையும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த அவசரத்தில் மாட்டை அவிழ்த்துவிட மறந்துவிட்டோம். "கட்டுன மாட்ட அப்படியே விட்டுட்டு எனக்கு இங்க சோறு எறங்குமா?" என்று, யார் தடுத்தும் கேட்காமல் அப்பா திரும்பிப் போனார். மத்தியானமாகியும் வரவில்லை. அம்மா வாசலிலேயே நின்றார். எனக்குச் சும்மாவே பயம் கூடுதல். ஓவென்று அழுதேன்.

டவுனிலிருந்து எல்லோருக்கும் பாண் ரொட்டி கொண்டுவந்திருந்த, நாங்கள் நானா என்று கூப்பிடும் கடைக்காரர், லொறியில் கிடந்த ஒரு விளையாட்டுச் சாமானை எடுத்து என் கையில் கொடுத்தார். கண்ணில் வைத்துப் பார்க்கிற சின்ன பிளாஸ்டிக் பெட்டி. பக்கத்து விசையை அமுக்கினால் படம் மாறும்.

"அழுதுக்கிட்டே பாத்தா படம் தெரியாது மகள்," என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, தெரிந்ததைச் சுற்றி நின்ற பிள்ளைகளுக்குச் சொன்னேன். குதிரையில் ஒரு ஆள். அப்புறம் ஒரு பாலம். அப்புறம் வாயைப் பிளந்த சிங்கம்! சட்டென்று பெட்டியைக் கீழே இறக்கிவிட்டேன்.

"அந்தாள சிங்கம் தின்னுருச்சா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். அந்த ஆள் அப்பாதான் என்று எப்படியோ எனக்கு மனதுக்குள் முடிவாகியிருந்தது.

அம்மா வந்து பெட்டியை வாங்கிப் பார்த்தார். "அந்தாளு எங்க புள்ள?" குரலே சரியில்லை. அம்மாவும் பயந்ததைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ! "இருங்கம்மா, படம் இன்னும் முடியல," என்று நானே விசையை அமுக்கினேன்.

"இப்ப என்னா தெரியுது?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"ஒரு வீடு."

"அப்ப அவரு வீட்டுக்கு வந்துட்டாரு," என்றேன்.

அம்மா பெட்டியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. "மொதல்ல இருந்து சொல்லு," என்றார். சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு தடவை சிங்கத்தைத் தூங்க வைத்தேன். இன்னொரு தடவை பாலத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டேன்.

குறுக்குப்பாதையில் மண் விழுந்திருந்ததால், ரோட்டு வழியாகச் சுற்றி மாட்டோடு நனைந்து வந்து சேர்ந்தார் அப்பா. அம்மா ஏசிக்கொண்டே அழுதார். அப்பா பெட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னா, இதுல நம்ம மாடு இல்லையா?" என்றார். பள்ளிக்கூடமே சிரித்தது.

எட்டாம் வகுப்போடு நான் படிப்பை விட்டுவிட்டேன். டீவியில் படம் பார்ப்பதை மட்டும் இன்றுவரை விடவில்லை. படத்தில் யாராவது மழையில் வெளியே போனால், அவர் திரும்பி வரும்வரை அடுப்படிக்குக்கூட எழுந்து போக மாட்டேன்.

"படம் எடுத்தவனே இவ்வளவு கவலப்பட்டிருக்க மாட்டான்," என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும். பயந்து பாதியில் எழுந்து போனால் மனதில் அந்தச் சிங்கத்தோடுதான் போக வேண்டும், அடுத்த படத்தில் இருக்கிற வீட்டைப் பார்க்கக் கொஞ்சம் பொறுத்து உட்கார வேண்டும் என்பதை, எதற்கெடுத்தாலும் பதறுகிற எனக்கு அந்தப் பெட்டிதான் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறது.