ஜாலி பாய் தீவில் ஸ்டெல்லா பார்த்தது

பழைய ரப்பர் செருப்பை வெயிலில் காயப் போட்டால் ஒரு வாடை வருமே... அதே வாடைதான், கடலுக்குள் பார்க்க மாட்டிக்கொள்ளச் சொன்ன அந்த மாஸ்க்கில். எனக்கு முன்னால் எத்தனை பேர் மூஞ்சியில் ஏறி இறங்கியதோ! மூச்சு விடுவதற்குக் கடித்துக்கொள்ளச் சொன்ன குழாயில் வேறு உப்பும் டெட்டாலும் கலந்த ருசி.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு ஆவடி ஃபேக்டரியில் வேலை. கல்யாணமாகி எட்டு மாதம். ஆபீஸே பயணச் செலவு கொடுக்கும் எல்.டி.சி.யில் அந்தமான் போகலாம் என்று செக்‌ஷனில் யாரோ கிளப்பிவிட, நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் துறைமுகத்தில் கப்பல் ஏறிவிட்டோம். மெரினாவில் முழங்கால் வரை நனைத்ததுதான் அதுவரை எனக்குக் கடல்.

ஊர் சுற்றும் ஆசை மட்டும் இல்லை. ஸ்டெல்லாவிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. பருத்திப்பட்டு வீட்டில் அம்மா, தங்கச்சி என்று எப்போதும் யாராவது காதில் விழும் தூரத்தில் இருப்பார்கள். அங்கே கேட்க முடியாது.

என்னைப் பிடித்துத்தான் கட்டிக்கொண்டாளா?

காரணம் இல்லாமல் இல்லை. ஆவடி பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பக்கம் நின்று கையை ஆட்டுவேன். என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பேன். பதிலுக்கு ஒன்றும் வராது. ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்டால் நன்றாகச் சிரித்துப் பேசுவாள். சினிமாவுக்குப் போனால் பால்கனி வேண்டாம், முன் பெஞ்சே போதும் என்பாள். புது மாப்பிள்ளை முன் பெஞ்சில் அண்ணாந்து உட்கார்ந்து படம் பார்த்தேன்... கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஒன்றும் விளங்கவில்லை.

அந்தத் தீவுக்குப் பெயர் ஜாலி பாய். வண்டூரிலிருந்து காலையில் படகு. கைடு ராஞ்சிப் பக்கத்துக்காரர், நடுத்தர வயது. எப்படி மிதக்க வேண்டும், எப்படி மூச்சு விட வேண்டும், எல்லாவற்றையும் இந்தியிலேயே விளக்கினார். எங்களைப் போன்ற எல்.டி.சி. தமிழர்கள்தான் பாதிப் படகு. எல்லோரும் பெரிதாகத் தலையாட்டினோம். ஒருத்தருக்கும் ஒரு எழுத்து புரியவில்லை.

முதலில் அடியில் கண்ணாடி பதித்த ஒரு சின்னப் படகில் ஏற்றினார்கள். கீழே பவளப்பாறை, மீன் கூட்டம்... படகே கத்தியது.

"ஸ்டெல்லா, அதோ கீது பாரு, நீலமா!"

"ம்... ம்..."

அவள் பார்த்தது வேறு பக்கம். இவ்வளவு தூரம் கூட்டிவந்தும் நான் காட்டுவதைப் பார்க்கக்கூட இவளுக்கு இஷ்டம் இல்லையே என்று எனக்கு மனசே விட்டுப்போனது.

அப்புறம் இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கினார்கள். நான் அரை டிராயர், அவள் சுடிதார். கைடு என் மீசையைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். பாராட்டுகிறார் என்று நினைத்து நன்றாக முறுக்கிவிட்டுக்கொண்டேன்.

தலையைக் கவிழ்த்த உடனே மாஸ்க்குக்குள் கடல் வந்துவிட்டது. இருமிக்கொண்டு எழுந்தேன். மறுபடி கவிழ்த்தேன். மறுபடி கடல். மீசை இருந்தால் மாஸ்க் சரியாக ஒட்டாது, தண்ணீர் உள்ளே வரும் என்பதைத்தான் அந்த மனுஷன் சொல்லியிருக்கிறார்!

ஸ்டெல்லா எழவே இல்லை. கைடின் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கவிழ்த்தபடி அப்படியே மிதந்தாள். பயந்துபோய் தோளைத் தட்டினேன். எழுந்து குழாயைத் துப்பினாள்.

"ஏங்க... எல்லாம் தெரியுதுங்க! கோடு கோடா ஒரு மீனு... அது கண்ணு கூட தெரியுது!"

"படகுலயே காட்டினேனே?"

"அப்ப எங்க தெரிஞ்சுது?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் அவளையே பார்த்தேன். மாஸ்க்கைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது.

"எனக்குத் தூரம் தெரியாதுங்க. மைனஸ் ரெண்டு. கண்ணாடி பூந்தமல்லில எங்க ஊட்டு பீரோல கீது. நீங்க பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எங்க அத்தை கழட்டி வாங்கிச்சு, கண்ணாடி போட்ட பொண்ணுன்னா வேணாம்னுடுவாங்கன்னு. அப்புறமா சொன்னா, ஏமாத்திட்டாங்கன்னு கொண்டாந்து எங்க ஊட்டுல உட்ருவீங்களோன்னு பயம்..."

"அப்ப பஸ் ஸ்டாண்டுல நான் கை ஆட்டினது?"

"எந்த பஸ் ஸ்டாண்டுல?"

அத்தையைத் திட்டுவதா, சிரிப்பதா... இரண்டும் சேர்ந்து வந்தது. தண்ணீருக்குள் மாஸ்க் வழியாகப் பார்த்தால் எல்லாமே கிட்டத்தில் பெரிதாகத் தெரியும் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். மீதி நேரம் முழுக்க அவள் தண்ணீரில் இருந்தாள். நான் கரையில் அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. கேட்க நினைத்ததைக் கேட்கவே இல்லை. ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் பூந்தமல்லி போய்க் கண்ணாடியை வாங்கி வந்தோம்.

போன மாதம் மகன் விமானத்தில் அந்தமான் போய் வந்தான். கடலுக்கடியில் எடுத்த வீடியோவை போனில் காட்டினான். எல்லாம் பளிச்சென்று இருந்தது. எங்களிடம் அந்த நாளுக்கு ஒரு போட்டோகூட இல்லை.

போன வாரம் அம்பத்தூர் ஸ்டேஷனில் நின்றிருந்தேன். எதிர் பிளாட்பாரத்தில் யாரோ ஒரு அம்மா கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வேறு யாருக்கோ என்று சும்மா இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா படி ஏறி இறங்கி, மூச்சு வாங்க என் முன்னால் வந்து நின்றார்... ஸ்டெல்லா!

"இன்னாங்க, அவ்ளோ நேரமா கை ஆட்டினு கீறேன், பாக்காத மாதிரி நிக்கிறீங்க? என்னைப் பிடிக்கலையா?"

முப்பது வருஷத்துக்கு மேலாக என் வாயில் வராத கேள்வி.

எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. கவலைப்படுவாளே என்று சொல்லாமல் வைத்திருந்தேன். பையிலிருந்த கண் டாக்டர் சீட்டை எடுத்து நீட்டினேன்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தாள். கிட்டத்தில் இருப்பது அவளுக்கு எப்போதுமே நன்றாகத் தெரியும்.