ரேடியேட்டரில் ஊற்றிய கடல்தண்ணீர்

போன வாரம் மகளின் காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். மெக்கானிக் பானட்டைத் தூக்கி ஒரு டப்பாவின் மூடியைத் திருகினார். உள்ளே பச்சையாக என்னவோ தளும்பியது. இருமல் மருந்து மாதிரி தித்திப்பாக ஒரு வாசனை. "கூலன்ட் கொறஞ்சிருக்கு சார். நீங்க பாட்டுக்குத் தண்ணிய கிண்ணிய ஊத்திடாதீங்க" என்றார். எல்லாரிடமும் சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கோ காது ரெண்டும் சூடாகிவிட்டது. இவருக்கு யார் சொன்னது என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே பயந்துவிட்டேன். நீங்களும் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆனால் கதையைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

இருபத்தாறு வயதில் நான் விசைப்படகில் இஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டினத்தில் எங்கள் கடற்கரைப் பக்கம் (திருமலைராயன்பட்டினம் என்று முழுசாகச் சொல்ல எங்களுக்கு எங்கே பொறுமை?) இஞ்சின் பார்க்கிறவனுக்கு ஒரு தனி மிதப்பு உண்டு. எங்களுடையது பழைய இஞ்சின். அது சூடேறாமல் இருக்கக் கடல்தண்ணீரையே குழாயால் உறிஞ்சி, உள்ளே சுற்றவிட்டு, மறுபடி கடலிலேயே துப்பிவிடும். தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிற வேலையே கிடையாது. கடலில் தண்ணீர் இருக்கிறதா என்று எவனாவது எட்டிப் பார்ப்பானா? அதனால் கரையில் ஓடுகிற வண்டிகள்மேல் எனக்குக் கொஞ்சம் இளக்காரம். அலையும் இல்லை, காற்றும் இல்லை, தார் ரோட்டில் ஓட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று நினைப்பு.

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் படகெல்லாம் ஓய்ந்து நிற்கும். சீட்டாடுவதும் வீட்டில் திட்டு வாங்குவதும்தான் தொழில். அப்படி ஒரு தடைக்காலத்தில்தான் முசே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் பக்கம் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட பகுதி; அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பிரெஞ்சில் ஐயா, அம்மா என்கிற மாதிரி அவர் முசே, அவர் சம்சாரம் மதாம். பிரான்ஸில் வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களைப் பார்த்து அவருக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு பழைய காலேஜ் பஸ்ஸை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, ரெண்டு கட்டில், கேஸ் அடுப்பு, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி, ஜன்னலுக்கெல்லாம் பூப்போட்ட திரை என்று ஜோடித்திருந்தார். உள்ளே ஏறினால் புது பெயின்ட்டும் மதாமின் சென்ட்டும் கலந்து மணக்கும். கன்னியாகுமரி வரை போய்வரத் திட்டம். இஞ்சின் தெரிந்தவன் ஒருவன் கூட வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். 'மெக்கானிக்' என்று அவர் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

டிரைவர் செல்வராசு. விழிதியூர்க்காரன், என்னைவிட ரெண்டு வயது இளையவன். டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவனை முசே பஸ்ஸுக்கு எடுத்திருந்தார். தினமும் காலையில் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்ப்பான். "லேசா கசிவு இருக்குண்ணே. தண்ணி பாக்காம எடுக்கப்படாது" என்பான். இந்த டிரைவர் வேலையை வைத்துத்தான் அவனுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். வெறும் டிராக்டர்காரனுக்குத் தரமாட்டேன் என்று நின்ற பெண்ணின் அப்பா, முசே வீட்டு வேலை நிரந்தரம் என்று கேள்விப்பட்டுத்தான் தலையாட்டினாராம். வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தான். நானும் அவனைக் கேலி செய்துகொண்டே வந்தேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு புத்தி உண்டு. தமிழ்நாட்டை விட நம் பக்கம் டீசல் விலை குறைவு என்பதால், வாஞ்சூர் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைவதற்குள் டேங்க்கை விளிம்பு வரை நிரப்பிவிடுவோம். அது போதாதென்று, பஸ்ஸில் தண்ணீருக்கென்று வைத்திருந்த நாலு கேனிலும் டீசலைப் பிடித்து வைத்தவன் நான்தான். முசே முதுகில் தட்டிக்கொடுத்தார்.

முதல் நாள் ராத்திரி கடலோரத்தில் மனோராக் கோட்டைப் பக்கம் தங்கினோம். விடிந்ததும் நான் கடலில் ஒரு ஆட்டம் போட்டுவிட்டு, உடம்பெல்லாம் உப்புப் பிசுபிசுக்கிறதே என்று கூரைத் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டுக் குளித்தேன். பாட்டு வேறு. குழாய் 'புஸ்'ஸென்று காற்றை விட்ட பிறகுதான் தொட்டி காலி என்று தெரிந்தது. செல்வராசுவை மதாம் பால் வாங்க அனுப்பியிருந்தார். திரும்பி வந்தவன், "ரேடியேட்டர்ல தண்ணி பாத்துட்டீங்களாண்ணே?" என்று கேட்டான். பார்த்தால் ஊற்றவேண்டும், ஊற்றத் தொட்டியில் சொட்டு இல்லை, ஏன் இல்லை என்று முசே கேட்பார். "பாத்தாச்சு பாத்தாச்சு, நீ ஏறு" என்றேன். சின்னப் பொய்தானே, அடுத்த ஊரில் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த ஊரில் மறந்தும்போனேன்.

தொண்டி தாண்டி நடுப்பகலில் பஸ் முக்க ஆரம்பித்தது. முன்னாலிருந்து புகையாக ஆவி. செல்வராசு உடனே ஓரங்கட்டி நிறுத்திவிட்டான். தொட்டியைப் பார்த்தான், கேன்களைப் பார்த்தான், தலையில் கை வைத்துக்கொண்டான். குடிக்க வைத்திருந்த ரெண்டு பாட்டிலை மதாமிடம் கேட்க அவனுக்கு மனசு வரவில்லை. சமையல் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, "ஊருக்குள்ள போயி நல்ல தண்ணி எடுத்தாறேன். இஞ்சின் நல்லா ஆறட்டும்ணே. நான் வர்ற வரைக்கும் மூடியத் தொட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு அந்த வெயிலில் நடந்தான்.

முசே கருவேல மரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டு விசிறிக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா மெக்கானிக்கு, உன்னால ஒண்ணும் ஆவாதா?" என்றார். அது போதாதா எனக்கு? ரோட்டுக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் கடல். எங்கள் படகு இஞ்சின் வருஷக்கணக்காக அதைத்தான் குடிக்கிறது, இது மட்டும் என்ன பெரிய சீமை இஞ்சினா? முசே கண்ணயர்ந்த நேரம் பார்த்து, வாளியை எடுத்துக்கொண்டு போய்க் கடல்தண்ணீர் மொண்டு வந்தேன். மூடியைத் திறந்ததும் சீறிய ஆவியில் முழங்கை வெந்துபோயிற்று. அப்போதாவது புத்தி வந்திருக்கவேண்டும். ஒரு வாளி முழுவதையும் கொதிக்கிற இஞ்சினுக்குள் கவிழ்த்தேன். உள்ளே எங்கேயோ 'டண்'ணென்று ஒரு சத்தம். அப்புறம் ஊற்றியதெல்லாம் கீழே ஒழுக ஆரம்பித்தது.

செல்வராசு ஒரு மணி நேரம் கழித்து, சட்டை முழுக்க நனைந்து, குடத்தோடு வந்தான். கீழே சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தான். விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். பிறகு கடலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஏண்ணே" என்றான், மெதுவாக. அதற்குள் முசே எழுந்து வந்துவிட்டார்.

"என்னடா ஆச்சு வண்டிக்கு?"

"தண்ணியில்லாம ஓடி, இஞ்சின் வெடிச்சிருச்சு முசே" என்று முந்திக்கொண்டேன் நான்.

"காலையில தண்ணி பாத்தியா, இல்லியா?" என்று அவர் செல்வராசுவைக் கேட்டார்.

"அண்ணன் பாத்தாச்சுன்னு சொன்னாங்க முசே."

"நான் எங்கய்யா சொன்னேன்?" என்றேன்.

இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது. மூணே வார்த்தை. யோசிக்கவே இல்லை, தானாக வாயில் வந்துவிட்டது. முசே என் அப்பாவைத் தெரிந்தவர், என்னைத்தான் நம்பினார். கடல்தண்ணீரைப் பற்றி செல்வராசு வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் நான் அதையும் இல்லையென்றுதான் சாதித்திருப்பேன். அது அவனுக்குத் தெரிந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு லாரியில் கட்டி இழுத்து ராமநாதபுரத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். இஞ்சின் தலையே விரிசல் விட்டிருக்கிறது என்றார்கள். "அலே, நீ ஊருக்குப் போ. இனிமே வராதே" என்று முசே பிரெஞ்சும் தமிழும் கலந்து செல்வராசுவைப் பார்த்துக் கையை வீசினார். செல்வராசுவை பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "முசேகிட்ட மட்டும் உள்ளதச் சொல்லிடுங்கண்ணே. பொண்ணு வூட்ல இந்த வேலைய நம்பித்தான் சம்மதிச்சிருக்காங்க" என்றான். கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. "ஊருக்கு வந்ததும் சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. நாளைக்கு, நாளன்றைக்கு என்று தள்ளினேன். தடைக்காலம் முடிந்தது, கடலுக்குப் போய்விட்டேன். ஒளிந்துகொள்ளக் கடல் மாதிரி வசதி எதுவும் இல்லை. அந்தக் கல்யாணம் நின்றுபோனது என்று கேள்விப்பட்டபோது ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை, மூணாம் நாள் இறங்கியது. பஸ்ஸை ராமநாதபுரத்திலேயே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, கொஞ்ச காலத்தில் முசேவும் மதாமும் மகனோடு பிரான்ஸுக்கே போய்விட்டார்கள்.

மெக்கானிக் சொன்ன அந்த ஒரு பேச்சுக்கு அப்புறம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து விழிதியூர் போனேன். செல்வராசு ரோட்டோரம் நெல் காயவைத்துக்கொண்டிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. "வாங்கண்ணே" என்று, நேற்றுப் பார்த்தவன் மாதிரிக் கூப்பிட்டான். வண்டி ஓட்டுவதில்லையாம். பஸ்ஸை வெடிக்கவிட்டவன் என்று பேராகிவிட்டதால் அப்புறம் யாரும் சாவியைக் கையில் தரவில்லையாம். கல்யாணம் ரொம்ப நாள் கழித்து நடந்ததாம். எல்லாவற்றையும் மழை பெய்தது வெயில் அடித்தது என்கிற மாதிரிச் சொன்னான்.

"செல்வராசு, அன்னைக்குப் பாத்தாச்சுன்னு சொன்னதும் நான்தான், கடத்தண்ணிய ஊத்தினதும் நான்தான். தப்பு பூரா என்னோடதுதான்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே இருந்தான். "முசேகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அவரு பிரான்ஸுலேயே போய்ச் சேந்துட்டாரு. மதாமும் இல்ல."

"மொதல்ல பேசின பொண்ணோட அப்பாரும் போன வருசம் காலமாயிட்டாரு" என்றான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "எங்கிட்ட எதுக்குண்ணே சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே."