பிரிக்காத நாற்காலி

1955-ஆம் வருஷம் ஒரு வியாழக்கிழமை காலை, பழவேற்காட்டுப் படகுத்துறையில் இரண்டு நாற்காலிகள் வந்து இறங்கின. மதராசிலிருந்து கால்வாய் வழியாக வந்த படகில் அவற்றை எதிரெதிரே வைத்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத இரண்டு பேர் உட்கார்ந்து ஊரைப் பற்றி ஏதோ முடிவு செய்துகொண்டு வருவது போலிருந்தது. மீன் கூடையோடு நின்ற கங்கம்மா, "ஆளு இல்லாம நாற்காலி மட்டும் இன்னாத்துக்கு வருது?" என்று கேட்டாள். இதைப் பிற்பாடு பலரும் ஞாபகப்படுத்திக்கொண்டார்கள்.

நாற்காலிக்குச் சொந்தக்காரர் கயிற்றுக்கடை முஸ்தபா. வயது நாற்பத்தெட்டு. ஊரில் எது கட்டப்பட்டிருந்தாலும் அவர் கயிற்றில்தான் கட்டப்பட்டிருக்கும். அவிழ்த்துக்கொண்டு போன படகுகளைப் பற்றி அவர் பேசமாட்டார். தேங்காய் நாரையும் மூட்டை மூட்டையாக மதராசுக்கு அனுப்புவார். ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் அடையாளத்துக்கு ஒரு பச்சைத் துணிக் கிழிசல் வைப்பது அவர் கடை வழக்கம். பிறந்தது, ஓதியது, கல்யாணமானது எல்லாம் அவருக்குப் பாயில்தான். நாற்காலியில் அவர் உட்கார்ந்தது ஆயுளில் மூன்று தடவை: பல் பிடுங்க, போட்டோ எடுக்க, தாலுகா ஆபீசில் காத்திருக்க. மூன்றிலும் நல்லது எதுவும் நடக்கவில்லை.

அப்படிப்பட்டவர் நாற்காலி தேடிப் போனதற்குக் காரணம் மகள் குல்சும். அவளுக்கு இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. முதலில் வந்த மாப்பிள்ளையின் மாமா பாயில் உட்கார்ந்தார், எழுந்திருக்க முடியவில்லை. நான்கு பேர் தூக்கினார்கள். தன்னை மூட்டை போலத் தூக்கிய வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று போய்விட்டார். அடுத்து வந்தவர்களுக்கு பெஞ்சு போட்டார்கள். பெஞ்சில் ஓர் ஆணி இருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் புது வேட்டி கட்டியிருந்தார். இரண்டு தரப்பும் பெண்ணைக் குறை சொல்லவில்லை, உட்கார்ந்த இடத்தைத்தான் சொன்னார்கள். ஆனால் மூன்றாவதும் திரும்பினால் ஊர் பெஞ்சோடு நிறுத்தாது, பெண்ணையே பேச ஆரம்பித்துவிடும். இது முஸ்தபாவுக்குத் தெரியும், அவர் மனைவி சாலிஹாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

மூன்றாவதாக வரவிருந்தவர் மீஞ்சூர் மரக்கடை அப்துல் கனி. ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் ரங்கூனில் இருந்தவர், முட்டி வலிக்காரர், தரையில் உட்காரமாட்டார், அங்கே கம்பெனியில் பிரெஞ்சு நாற்காலிகளோடே வாழ்ந்தவர் என்று தரகர் சொல்லி அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வருவார்கள்.

புதுச்சேரியை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர்களின் வீட்டுச் சாமான் அப்போது மதராசுக்கு வந்துகொண்டிருந்தது. பழைய சாமான் வியாபாரி பூவராகவன், தன் கிடங்கில் முஸ்தபாவுக்கு நாற்காலி தேர்ந்தெடுக்கும் வித்தையை உபதேசித்தார். திருகாணி இருந்தால் புதுசு; மர முளை அடித்திருந்தால் பழசு. கை வைக்கும் இடம் தேய்ந்திருக்க வேண்டும். காலைத் தட்டினால் மாவு கொட்டக் கூடாது. தங்க முலாம் முழுசாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும், அங்கங்கே உரிந்திருந்தால் நம்பலாம். மனிதர்களுக்கு நேர்மாறான இந்த விதிகளை முஸ்தபா பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்.

முதல் ஜோடியின் கைப்பிடி முனையில் பெண் முகம் செதுக்கியிருந்தது. தொழுகிற வீட்டில் முகம் ஆகாது. அடுத்ததன் முதுகுத் துணியில் ஆடு மேய்க்கிறவன் இருந்தான், ஆடும் இருந்தது, அதுவும் ஆகாது. மூன்றாவதன் பாதங்கள் சிங்கத்தின் நகங்கள். கிடங்கின் கோடியில், எல்லாவற்றுக்கும் பின்னால், வெறும் இலையும் கொடியும் செதுக்கிய ஒரு ஜோடி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஏன் திருப்பி வைத்திருக்கிறது என்று முஸ்தபா கேட்கவில்லை. இலைகளைப் பார்த்த சந்தோஷத்தில், நாற்காலியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்றும் கேட்கவில்லை. பூவராகவனே சொன்னார், "உள்ளாற பூரா குதிர முடி, பாய். இருநூறு வருஷத்துக் குதிர."

நாற்காலிகள் வந்து இறங்கிய அன்றே ஒன்றின் கால் லேசாக ஆடியது. தச்சர் ஆசீர்வாதத்தைக் கூப்பிட்டார்கள். அவர் இளமையில் ஆறு வருஷம் புதுச்சேரியில் வேலை பார்த்தவர். காலைச் சரிசெய்துவிட்டு, மெத்தையை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். பிறகு உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"குதிர முடின்னா சொன்னான்? இருக்கலாம் பாய். குதிர முடி கெடைக்காத காலத்துல அவங்கோ பன்னி முடியும் வச்சி தைப்பாங்கோ. நானே தச்சிக்கிறேன். பிரிச்சாத்தான் தெரியும்."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். முஸ்தபா நின்ற இடத்திலேயே நின்றார். மாலை வெயிலில் நாற்காலிகளின் நிழல் நீண்டு, சுவரில் மாட்டியிருந்த தொழுகைப் பாய் வரை போயிருந்தது. அவர் அவசரமாக ஜன்னலைச் சாத்தினார். பிரித்துப் பார்த்தால் மெத்தை குலைந்துபோகும். நாளைக்கு உட்கார வைக்க வேறொன்றும் இல்லை, ஆணி பெஞ்சைத் தவிர. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்கலாம், ஆனால் கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவார். அந்த அபாயத்தை யோசித்து முஸ்தபா கேட்காமலிருந்தார்.

வெள்ளிக்கிழமை அப்துல் கனி வந்தார். கனத்த மனிதர். உட்காரும்போது நாற்காலி மூச்சுவிடுவது போல ஒரு சத்தம் போட்டது. முஸ்தபாவுக்கு அது உறுமலாகக் கேட்டது. மூன்று மணி நேரம் கனி எழுந்திருக்கவில்லை. பிரியாணி அங்கேயே, தேநீர் அங்கேயே. ரங்கூன் நாற்காலிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். மெத்தையைத் தட்டித் தட்டிப் புகழ்ந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் முஸ்தபாவுக்கு விலாவில் வலித்தது. பக்கத்தில் இரண்டாவது நாற்காலி காலியாக இருந்தது. அதில் முஸ்தபாவை உட்காரச் சொன்னபோது, சம்பந்தக்காரர் முன்னால் சமமாக உட்காருவது மரியாதை இல்லை என்று பாயிலேயே இருந்துகொண்டார். இந்த மரியாதையை எல்லோரும் மெச்சினார்கள்.

கிளம்பும்போது கனி அவர் தோளில் கை வைத்தார். பொண்ணு பிடித்துவிட்டது, ஒன்றும் கேட்கப் போவதில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர: இந்த ஜோடி நாற்காலி பொண்ணோடு மீஞ்சூருக்கு வரவேண்டும்.

அவர்கள் போனதும் வீட்டுப் பெண்கள் நாற்காலிகளைத் தூக்கி வெளியே வைத்து, கூடத்தைக் கழுவி, திரும்ப உள்ளே கொண்டுவந்து போட்டார்கள். எது எங்கே இருந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி.

சனிக்கிழமை காலை, சமையற்கட்டிலிருந்து குல்சும் வந்து நின்றாள். பழவேற்காட்டில் கதவுகள் மெல்லியவை. தச்சர் சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது. "வாப்பா, அது இன்னான்னு தெரியாம அந்த ஊட்டுக்கு நா எடுத்துக்கினு போவ மாட்டேன். போனா ஆயுசுக்கும் அதத்தான் பாத்துக்கினு இருப்பேன்" என்றாள். சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.

முஸ்தபா பிஸ்மி சொல்லி, ஒரு நாற்காலியைக் கவிழ்த்தார். கயிறு அறுக்கிற கத்தியால் அடிச் சாக்கைக் கிழித்தார். கையை உள்ளே விட மனம் வரவில்லை. கவட்டைக் குச்சியால் இழுத்தார். பழுப்பாக, சுருண்டு சுருண்டு, எதுவோ வந்தது. கண்ணை மூடிக்கொண்டார். சாலிஹா எட்டிப் பார்த்தாள். குச்சி முனையில் தொங்கியதிலிருந்து எதையோ உருவினாள்.

"இது என்னோட பச்சப் பொடவைங்க" என்றாள். "ரமலானுக்கு முந்தி நீங்க கிழிச்சிக்கினு போனீங்களே, அது."

தேங்காய் நார். முஸ்தபா கடைச் சரக்கு, கடை அடையாளத்தோடு. பிரெஞ்சு தேசத்து இருநூறு வருஷத்துக் குதிரை, போன வருஷம்தான் பழவேற்காட்டிலிருந்து மூட்டையில் ஏறி மதராசுக்குப் போயிருந்தது. முஸ்தபா அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. ரங்கூன் நாற்காலிகளோடு வாழ்ந்த மனிதரைத் தன் கடை நாரின் மேல் மூன்று மணி நேரம் உட்கார வைத்திருக்கிறார்.

அன்றே மீஞ்சூருக்குப் போனார். மரக்கடையின் பின்கட்டில் கனியைத் தனியாக உட்கார வைத்து, பச்சைத் துணியை எதிரே வைத்து, தச்சர் சொன்னது முதல் எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பிராணியின் பெயரை மட்டும் வாயால் சொல்லவில்லை. கனி துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுவை மரத்தின் வாசனையில் ஈ ஒன்று சுற்றியது. மகளின் நிக்காஹ் அந்த ஈயைப் போல எங்கேயும் உட்காராமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"முஸ்தபா பாய்," என்றார் கனி கடைசியில், குரலைத் தாழ்த்தி. "ரங்கூன்ல அந்த நாற்காலிங்கள நா தொடச்சேன். பன்னெண்டு வருஷம். ஒருநாளும் உக்காந்ததில்ல. எங்கூட்டுல இது யாருக்கும் தெரியாது."

முஸ்தபா தலையசைத்தார். ஒருவர் குடுமி மற்றவர் கையில் வந்துவிட்டது. இனி இந்தச் சம்பந்தம் அவிழாது என்று கயிற்று வியாபாரிக்குப் புரிந்தது.

"இன்னொண்ணு?" என்று கேட்டார் கனி.

"பிரிக்கல."

கனி தாடியைத் தடவினார். "அன்னிக்கு நா உக்காந்தது எது?"

கூடம் கழுவியதை முஸ்தபா நினைத்தார். ஆயுளில் நாற்காலியால் அவருக்கு வந்த நான்காவது சோதனை இது.

"பிரிச்சதுதான்," என்றார், கண் இமைக்காமல்.

"அப்ப அத மட்டும் அனுப்புங்கோ. மத்தது ஒங்க ஊட்டுலயே இருக்கட்டும்."

நிக்காஹ் நடந்தது. குல்சுமோடு ஒரு நாற்காலி, அடியில் புதுச் சாக்கு தைத்து, மீஞ்சூர் போனது. மற்றது கூடத்தின் மூலையில், வெள்ளைத் துணி போர்த்தி, இருக்கிறது. யாரும் அதில் உட்காருவதில்லை. அதைப் பிரிக்கலாம் என்று யாரும் சொல்வதுமில்லை. துணி போர்த்தி உட்கார்ந்திருக்கும் அந்த உருவத்தைப் பார்த்துப் புதிதாக வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். முஸ்தபா அதற்கு முதுகு காட்டாமல், பாயில், சற்றுத் தள்ளியே உட்காருகிறார். மழைக்காலத்தில் ஈரம் ஏறும்போது அதன் உள்ளிருந்து ஏதோ ஒன்று மெல்ல உப்பி, துணியைச் சிறிது தூக்குகிறது. நாராக இருந்தாலும் உப்பும் என்கிறார் சாலிஹாவிடம். அவள் ஆமாம் என்கிறாள்.