ஏழாம் நாளுக்கு எடுத்து வைத்த பேர்

றைஹான் எண்டால் அரபியில வாசமுள்ள செடி. நோன்பு காலத்தில சர்பத்துக்குள்ள ஊறப் போடுறமே கசகசா, அந்தக் கறுப்பு விதையைத் தாற துளசிச் சாதிச் செடிக்கும் அங்க அதுதான் பேர். காத்து, மணம், உயிர் எண்ட சொல்லுகள் பிறக்கிற வேரில இருந்துதான் அதுவும் வருதாம். குழந்தையைச் செல்லமா றைஹான் எண்டு சொல்ற வழக்கமும் அரபியில இருக்கு. இவ்வளவும் இப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்னத்துக்கு?

என்ட மனிசி ஆறாம் மாசத்திலயே சொல்லிட்டா, பொம்புளப் புள்ளயெண்டா றைஹானாதான் எண்டு. எனக்கு அது போதாது. நான் கல்முனையில தமிழ் படிப்பிக்கிற வாத்தியார். நாடகத்தில கேட்ட பேரையெல்லாம் பொருள் தெரியாம புள்ளையளுக்கு வைக்கிற சனத்தைக் கண்டா எனக்கு எரியும். "ஏழாம் நாள் முடி இறக்கி, அகீகா ஆடறுத்து, அண்டைக்குப் பேர் வைப்பம். அதுக்குள்ள நான் பொருள் தேடிப் பாக்கிறன்" எண்டன்.

பொம்புளப் புள்ளதான் பிறந்தது. ஆஸ்பத்திரியில வைச்சு வலது காதில நானே பாங்கு சொன்னன். காது வெத்திலைக் கொழுந்து மாதிரி மெல்லிசா இருந்தது. மனிசி கட்டில்ல கிடந்தபடி, "அப்பிடியே பேரையும் சொல்லுங்களன்" எண்டா.

"அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு, புள்ள. இன்னும் ஆறு நாள்தானே" எண்டு அவவுக்குப் பழமொழி படிப்பிச்சன்.

நாலாம் நாள் காலையில புள்ளைக்கு மூச்சு இழுத்தது. மத்தியான லுஹருக்கு முந்தியே மவுத்தாகிட்டா.

பின்னேரம் அஸர் தொழுதுபோட்டு மையவாடிக்குக் கொண்டு போனம். மனிசிட கூடப்பிறந்த காக்காதான் குழிக்குள்ள இறங்கி நிண்டு புள்ளையை வாங்கினார். வெள்ளைத் துணிக்குள்ள என்ட முழங்கை நீளம்கூட இல்ல. மௌலவி என்னைப் பாத்து, "புள்ளைட பேரென்ன?" எண்டார்.

"இன்னும் வைக்கல்ல."

"பிறந்த அண்டைக்கே வைச்சிருக்கலாம். ஏழாம் நாள் வரைக்கும் காத்திருக்கத்தான் வேணும் எண்டு இல்லையே" எண்டு மெதுவாச் சொன்னார். "பரவாயில்ல, இப்ப ஒண்டு சொல்லுங்க."

சொல்லியிருக்கலாம். மூண்டு எழுத்து, நாலு எழுத்து, அவ்வளவுதான். பொருள் இன்னும் பாக்கல்லயே எண்டு அந்த நேரத்திலயும் என்ட மண்டைக்குள்ள ஒரு கிறுக்கு நினைப்பு ஓடினது. நாக்கு எழும்பல்ல. மறுகா எல்லாரும் மண் போட்டாங்க.

எங்கட ஊரில பொம்புளையள் மையவாடிக்கு வாறதில்ல. வீட்டுக்குள்ள போனதும் மனிசி ஒண்டே ஒண்டுதான் கேட்டா. "என்ன பேர் சொல்லி அடக்கினீங்க?"

"றைஹானா எண்டுதான்."

"அல்ஹம்துலில்லாஹ்" எண்டு சொல்லிப்போட்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டா. அவவுக்கு நான் சொன்ன முதல் பொய் அது. நாப்பது நாள் கழிஞ்சு அகராதியைப் புரட்டிப் பொருளைக் கண்டுபிடிச்சன். வெக்கமாக் கிடந்தது. அதுக்குப் பிறகு எங்களுக்குப் புள்ளையளும் இல்ல.

நாலு வருசம் அந்தப் பொய்யோட இருந்தன். போன நோன்பில ஒருநாள் நோன்பு திறக்க முந்தி, அவ குசினியில கசகசாவைத் தண்ணியில ஊறப் போட்டுக்கொண்டு நிண்டா. "மறுமையில சின்னப் புள்ளையள் சுவர்க்கத்து வாசல்ல உம்மா வாப்பாவைத் தேடி நிக்குமாம்" எண்டா. "அந்தச் சனத்துக்குள்ள நாம பேர் சொல்லித்தானே கூப்பிட வேணும்."

அதுக்கு மேல என்னால ஏலாமப் போச்சு. "நான் பொய் சொன்னன், புள்ள. பேர் வைக்காமத்தான் அடக்கினன்" எண்டன். நிண்ட இடத்திலயே அழுதன்.

அவ திரும்பிப் பாக்கல்ல. கரண்டியால கலக்கிக்கொண்டே இருந்தா.

"தெரியும். காக்கா அண்டைக்கே சொல்லிட்டார்."

"அப்ப ஏன் என்னட்டக் கேக்கல்ல?"

"நீங்களாச் சொல்லட்டும் எண்டு இருந்தன்."

கையை முந்தானையில துடைச்சிட்டு என்னைப் பாத்தா. முகத்தில கோபம் இருந்திருந்தா நான் தாங்கியிருப்பன்.

"அவள் பேரில்லாமப் போகல்ல. நாலு நாளும் அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லித்தான் பால் குடுத்தன். வாப்பாட வாயால அதை அவள் ஒருக்காலும் கேக்கல்ல, அவ்வளவுதான்."