இரைச்சலில் சுருதி சேர்த்தவர்

கள்ளக்குறிச்சி சேலம் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த தங்கதுரை இயற்பியலில் பட்டம் வாங்கியவர். அவர் வீட்டில் அதற்கு முன்னால் யாரும் பத்தாவதைத் தாண்டியதில்லை. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போனவர்கள். பட்டம் கிடைத்த பிறகு மூன்று வருடம் அரசுத் தேர்வு எழுதிப் பார்த்தார். நான்காம் வருடம் காயில் கட்டக் கற்றுக்கொண்டார். “படிச்சதும் கரண்ட்டு, பாக்கறதும் கரண்ட்டு” என்று அம்மா பெரியம்மாள் கேட்பவர்களுக்கெல்லாம் சொன்னாள். யாரும் மறுத்துப் பேசவில்லை.

அந்தப் பட்டம் ஒரே ஓர் இடத்தில்தான் அச்சேறியது. மைக்கும் ஸ்பீக்கரும் வாடகைக்கு விடும் ரேடியோ செட் கடை சுப்புராயன் ஓர் இன்னிசைக் குழுவும் நடத்தினார். கச்சேரி நோட்டீஸில் பாடகர்களின் பெயருக்குக் கீழே “கிடார்: தங்கதுரை பி.எஸ்ஸி.” என்று ஒரு வரி இருக்கும். அதற்கும் கீழேதான் மற்ற வாத்தியங்கள். பதினோரு வருட நோட்டீஸ்களைத் தங்கதுரை ஒன்று விடாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். சான்றிதழ் இருந்த உறையும் அதுதான்.

கிடார், பாண்டிச்சேரியில் ஒருவர் வெளிநாடு போகும்போது விற்றுவிட்டுப் போனது. எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி பெயர் தேய்ந்திருந்தது. நன்றாகத்தான் இருந்தது, இரைச்சலைத் தவிர. டியூப் லைட், சீரியல் பல்பு, ஜெனரேட்டர் எதன் பக்கத்தில் போனாலும் ‘ம்ம்ம்’ என்று ஆம்ப்ளிஃபயரில் இரையும். தங்கதுரைக்கு அது குறையாகப் படவில்லை. அந்த இரைச்சலோடுதான் அவர் மூன்றாம் தந்தியைச் சேர்ப்பார். மற்ற ஐந்தும் மூன்றாம் தந்தியைப் பார்த்துச் சேரும். கரண்ட் எந்த ஊரிலும் நொடிக்கு ஐம்பது தடவைதான் அதிரும், அதைவிட நம்பகமான சுருதி எங்கே கிடைக்கும் என்பது அவர் வாதம். இந்த வாதத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

2004 சித்திரையில் சுப்புராயன் ஒரு கீபோர்டு வாங்கினார். வாசிக்கத் திருக்கோவிலூரிலிருந்து தெய்வசிகாமணி வந்தார். இருபத்து நாலு வயது, மரியாதையான பிள்ளை. அந்தக் கீபோர்டில் இருபத்தேழாம் நம்பரை அமுக்கினால் கிடார் சத்தம் வந்தது. இரைச்சல் இல்லாமல் வந்தது. அதை இரண்டு தடவை அமுக்கிக் கேட்ட சுப்புராயன், நாலு கச்சேரி பார்த்துவிட்டு ஆடியில் தங்கதுரை கடைக்கு வந்தார்.

“கிடார் இல்லாம இரைச்சல் மட்டும் வந்து கேட்டுக்கீறேன்” என்றார். “இரைச்சல் இல்லாம கிடார் வந்து நான் கேட்டதில்லப்பா. வெள்ளிமலைல வெச்சி ஒரு தபா பாப்போம். அங்கயும் இரைஞ்சா அடுத்த நோட்டீஸ்ல பேரு இருக்காது. மனசுல வெச்சிக்காத.”

வெள்ளிமலைக் கச்சேரிக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

தங்கதுரை முதலில் கிடாரைக் கழற்றினார். தந்திகளுக்கு அடியில் பதித்திருக்கும் பிக்கப் என்பது ஒரு கட்டைக் காந்தமும் அதன் மேல் சுற்றிய காயிலும்தான். தந்தி அதிர்ந்தால் காயிலில் கரண்ட் பிறக்கும். பக்கத்தில் டியூப் லைட் எரிந்தாலும் பிறக்கும். காயிலுக்குப் பாகுபாடு கிடையாது. ஒன்றுக்கு இரண்டு காயில் வைத்து, ஒன்றைத் திருப்பி இணைத்தால் இரண்டின் இரைச்சலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும் என்று கணக்குப் போட்டார். திருப்பி இணைப்பது அவருக்குத் தினப்படி வேலை. தலைகீழாகச் சுற்றும் மோட்டாரின் முனைகளை மாற்றிக் கொடுத்தால் நேராகச் சுற்றும்.

பாண்டிச்சேரிக்குப் போய்ப் பழைய சாமான் கடையில் அதே மாதிரிப் பிக்கப் ஒன்று வாங்கினார். காயில் அறுந்து கிடந்தது. தந்தியை முறுக்கும் பழைய கீக்கள் பிடித்து நிற்காமல் நழுவின என்பதால் புது டியூனிங் கீ ஆறும் வாங்கினார். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் துருப்பிடித்த ஸ்குரூக்களை மாற்றினார். வயர் செருகும் இடத்தில் ஆடிக்கொண்டிருந்த ஜாக்கை மாற்றினார். இரண்டாவது பிக்கப்புக்கு இடம் பண்ண உளியால் மரத்தைக் குடைந்தார். அறுந்த காயிலுக்கு அவர் கடையில் இருந்த கம்பியெல்லாம் கயிறு மாதிரித் தடிமன். ஒரு பழைய ரிலேயைப் பிரித்துத் தலைமுடியைவிட மெல்லிய கம்பி எடுத்தார். ஐயாயிரம் சுற்று. மூவாயிரத்தில் ஒருமுறை அறுந்தது. நாலாயிரத்து எழுநூறில் ஒருமுறை அறுந்தது. அப்போது சோமண்டார்குடி ராமசாமி கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய அஞ்சு குதிரைத் திறன் மோட்டார் ஒன்பது நாளாக அங்கே இருந்தது.

“கரும்பு காஞ்சிக்கினு இருக்குது” என்றார் ராமசாமி.

“காயில் ஓடிக்கினு இருக்குதுங்க” என்றார் தங்கதுரை. எந்தக் காயில் என்று சொல்லவில்லை.

வேலை முடிந்ததும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். முள் சரியாக நின்றது. ஆம்ப்ளிஃபயர் சுப்புராயன் கடையுடையது, வேறு ஊருக்கு வாடகைக்குப் போயிருந்தது. மீட்டர் சரி என்றால் சரி என்பது மோட்டார் வேலையில் பழகிய முடிவு. கிடாரை மடியில் வைத்துக்கொண்டு மலை பஸ் ஏறினார்.

வெள்ளிமலையில் கச்சேரி ஆறு மணிக்கு. கடைசி பஸ்ஸுக்குள் முடித்தாக வேண்டும். நாலு மணிக்கே மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிவிட்டது. சீரியல் பல்பு முழுவதும் எரிந்தது. தங்கதுரை ஜாக்கில் வயரைச் செருகி வால்யூமை முழுக்கத் திறந்தார். ஒன்றும் கேட்கவில்லை. சுப்புராயன் ஸ்பீக்கர் பெட்டியில் காதை வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். பதினோரு வருடத்தில் அவர் முதல் தடவையாகத் தங்கதுரையைப் பார்த்துச் சிரித்தார். தங்கதுரை ஆறு தந்தியையும் ஒரே இழுப்பாக இழுத்தார். கொசு ஒன்று பாட்டிலுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி ஏதோ வந்தது.

“இரைச்சல எடுக்கச் சொன்னா” என்றார் சுப்புராயன், “கிடாரையும் சேத்து எடுத்துட்டியேப்பா.”

தங்கதுரை கிடாரை மடியில் கிடத்தி அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காயிலைத் திருப்பினால் இரைச்சல் தலைகீழாகும். தந்தியின் ஒலியும் கூடவே தலைகீழாகும். அதுவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுதான் போகும். தந்தியின் ஒலியை மட்டும் மறுபடி நேராக்க வேண்டுமென்றால் ஒரு காந்தத்தையும் புரட்டிப் போட வேண்டும். மூன்றாம் வருடப் பரீட்சையில் இதைப் பற்றிப் பத்து மதிப்பெண்ணுக்குப் படத்தோடு எழுதியவர் அவர். ஒன்பது கிடைத்தது. ஆனால் அவர் கட்டும் பம்ப் மோட்டாரில் காந்தமே கிடையாது. பத்து வருடமாகக் காயிலை மட்டும் பார்த்தவர் காந்தத்தை மறந்துவிட்டார். படித்ததைத் தொழில் மறக்கடித்ததா, முதலிலேயே புரியாமல் படித்தோமா என்று யோசித்தார். மணி நாலேமுக்கால். யோசனையை நிறுத்தினார்.

தந்திகளைத் தளர்த்தி, பிக்கப்பைத் தூக்கி, பிளேடால் காந்தத்தைப் பெயர்த்துப் புரட்டி வைத்து, இன்சுலேஷன் டேப்பால் சுற்றினார். திரும்ப மாட்டி ஒரு தந்தியைத் தட்டினார். மைதானத்தின் கடைசியில் கடலை விற்றுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு சத்தம், அவ்வளவு சுத்தம்.

தளர்த்திய தந்திகளைச் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. தங்கதுரை கீயில் கையை வைத்துக்கொண்டு வழக்கம்போல இரைச்சலுக்குக் காத்திருந்தார். அது வரவில்லை. அது வராமல் இருப்பதற்காகத்தான் பதினெட்டு நாள் வேலை செய்திருந்தார்.

எழுந்து, கிடாரோடு மேடைக்குப் பின்னால் போனார். ஜெனரேட்டர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் உறுமலில் மூன்றாம் தந்தியைச் சேர்த்தார். புது கீக்கள் இறுகப் பிடித்துக்கொண்டன. மேடைக்கு வந்து கீபோர்டோடு சேர்ந்து இரண்டு வரி வாசித்தார். சுப்புராயன் பல்லைக் கடித்துக்கொண்டார். பாட வந்திருந்த ரங்கம்மாள் மைக்கைக் கீழே வைத்துவிட்டார். கிடார் கீபோர்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. கீக்கள் அந்தத் தப்பை இம்மி நழுவாமல் காப்பாற்றின.

“கீபோர்டு இறங்கிக்கீதா பாருப்பா” என்றார் தங்கதுரை.

தெய்வசிகாமணி கட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இது எறங்காதுண்ணா. நீங்க எப்பவுமே கொஞ்சம் மேலதான் இருப்பீங்க. இரைச்சல்ல தெரியாது.”

“எப்பவுமேன்னா?”

“நான் வந்ததுலேருந்துண்ணா.”

அதற்கு முன்னால் எட்டு வருடம் தன்னோடு ஆர்மோனியம் வாசித்தவரை நினைத்துக்கொண்டார் தங்கதுரை. அவரும் மரியாதையான மனிதர்தான். ரங்கம்மாளைப் பார்த்தார். ரங்கம்மாள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். கரண்ட் ஐம்பது தடவை அதிர்வது நிஜம். சுருதியும் அங்கேதான் இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. அதைச் சேர்த்துக்கொண்டது அவர்தான். மணி ஐந்தரை. மைதானத்தில் ஆட்கள் உட்கார ஆரம்பித்திருந்தார்கள்.

“தம்பி” என்றார். “சுருதி குடு.”

தெய்வசிகாமணி ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்தார். கிடார் சத்தம் வரும் இருபத்தேழாம் நம்பரிலிருந்து கீபோர்டை முதலில் மாற்றிவிட்டுத்தான் அமுக்கினார். தங்கதுரை அதைக் கவனித்தார். மூன்றாம் தந்தி மெல்ல இறங்கி வந்து சேர்ந்தது.

கச்சேரி நடந்தது. அன்று கிடார் எல்லாருக்கும் கேட்டது. நாலாம் பாட்டில் தங்கதுரை விட்ட பிழையும் எல்லாருக்கும் கேட்டது. முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சுப்புராயன் பக்கத்தில் வந்தார்.

“அடுத்த நோட்டீஸ்ல பேரு இருக்கும்ப்பா. படிப்பு போடணுமா?”

தங்கதுரை காந்தத்தை நினைத்தார். ஜெனரேட்டர் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்ததை நினைத்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

“போடுங்கண்ணா” என்றார். “ஆனா கீபோர்டுக்குக் கீழ போடுங்க. சுருதி அங்கேருந்துதான் வருது.”

மறுநாள் காலையில் ராமசாமியின் மோட்டாரைக் கட்டி முடித்து ஓட விட்டார். ராமசாமி, சரியாக இருக்கிறதா என்று கேட்டார். தங்கதுரை கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். மோட்டார் நன்றாகத்தான் ஓடியது. சத்தம் மட்டும் ஒரு விரற்கடை மேலே இருந்தது.