சுண்ணாம்புக் குறி

வெண்ணந்தூர் பக்கம் ஒரு சிறிய டவுனுக்கு அடியில் பழைய நகரம் ஒன்று புதைந்து கிடக்கிறது. ரேடார் பொருத்திய வண்டியைத் தெருத்தெருவாகத் தள்ளிப்போய், அதன் சுவர்களைக் கணினியில் வரைபடமாக்குவது என் வேலை. ஒரு விவசாயியின் வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் இரண்டு சுவர்கள் சேரும் மூலை திரையில் தெரிந்தது. மறுநாள் திரும்ப அளக்க வேண்டுமே என்று அங்கே சுண்ணாம்புப் பொடியால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தேன். புத்தி கெட்டவன். வீட்டுக்கு வீடு போர் போடும் ஊரில் தரையில் குறி போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

காலையில் போனால், குறியின் மேல் ரிக் லாரி நின்றது. பக்கத்தில் சூடம் எரிந்து அணைந்திருந்தது.

“தேங்காய வெச்சுத் தண்ணி பாக்கறவர நம்பி மூணு போர் போட்டும் வெறும் பொகதானுங்க வந்துச்சு. உங்க மெஷின் பொய் சொல்லாதுங்க சாமி,” என்றார் விவசாயி.

“கீழ இருக்கறது தண்ணி இல்லைங்க, பழைய செவுரு,” என்றேன்.

“செவுரெல்லாம் ரிக்குக்கு எம்மாத்திரமுங்க.”

செங்கல் தூள் சிவப்பாகப் பறந்து என் சட்டையில் படிந்தது. பிறகு, என் கெட்ட நேரம், தண்ணீர் பீறிட்டது.

அதற்கப்புறம் அந்த ஊரில் மூச்சு வாங்கக்கூட வண்டியை நிறுத்த முடியவில்லை. நான் நின்ற இடத்திலெல்லாம் குச்சி நட்டார்கள்.